ஊரெல்லாம் காலி வீடு, நடைபாதையில் ஆட்கள்: பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை வீடாக்குவதில் என்னதான் சிக்கல்?

இன்று இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். எத்தனை ஜன்னல் இருட்டாக இருக்கிறது? நைட் ஷிஃப்ட் போனவர்கள், ஊருக்குப் போனவர்கள் எல்லோரையும் கழித்துவிடுங்கள். அப்படியும் சில வீடுகள் மிஞ்சும். வாங்கிப் போட்டவர் துபாயில் இருப்பார். அல்லது "வாடகைக்கு விட்டா அப்புறம் காலி பண்ண மாட்டாங்க" என்று பூட்டியே வைத்திருப்பார்.

அதே சாலையில் கொஞ்சம் தள்ளிப் போனால், மேம்பாலத்துக்குக் கீழேயோ ஷட்டர் போட்ட கடையின் படியிலோ யாராவது துண்டை விரித்துப் படுத்திருப்பார்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் யாருக்கும் ஒரு கேள்வி வரும். காலியாகக் கிடப்பதை இல்லாதவருக்குக் கொடுத்தால் பிரச்னை முடிந்ததே, ஏன் கொடுப்பதில்லை? கேள்வி நியாயமானதுதான். இந்திய அரசே 2020-ல் இதை ஒரு திட்டமாக எடுத்துச் செய்தும் பார்த்தது. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தால், சிக்கல் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அதில் நகரங்களில் மட்டும் 9.38 லட்சம். இவர்களை எண்ணுவதற்கென்று ஓர் இரவு ஒதுக்கினார்கள், அந்த ஆண்டு பிப்ரவரி 28. ரயில் நிலையம், கோயில் மண்டபம், நடைபாதை, பாலத்தின் அடி என்று ஒரே இரவில் தேடி எண்ணியது. அன்றைக்கு போலீஸ் விரட்டியதால் வேறு இடத்துக்கு நகர்ந்தவர், கண்ணில் படாத மூலையில் படுத்திருந்தவர் எல்லாம் விட்டுப் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகம் என்றுதான் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

அதே கணக்கெடுப்பில் நகரங்களில் காலியாக இருந்த வீடுகள் 1.11 கோடி. 2001-ல் இது 65 லட்சம்தான். 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை இந்த எண்ணை எடுத்துப் பேசியது: நகர்ப்புற வீடுகளில் ஏறக்குறைய 12 சதவீதம் காலி, மும்பையில் மட்டும் 4.8 லட்சம், டெல்லி, பெங்களூருவில் தலா 3 லட்சம்.

வகுத்துப் பார்த்தால் நகரத்தில் வீடில்லாத ஒவ்வொருவருக்கும் கிட்டத்தட்ட 12 காலி வீடுகள். சமூக ஊடகத்தில் போட்டால் நன்றாக ஓடும். ஆனால் இந்தக் கணக்கை வைத்து ஒரு ஆளைக்கூடக் குடிவைக்க முடியாது. ஏனென்றால் இந்த 1.11 கோடியில் எது எங்கே இருக்கிறது, யாருடையது, ஏன் காலியாக இருக்கிறது என்ற விவரம் இந்த எண்ணுக்குள் இல்லை.

அரசு கட்டியே காலியாகக் கிடந்த லட்சம் வீடுகள்

2020 கோடை உங்களுக்கு நினைவிருக்கும். ஊரடங்கு போட்டதும் வாடகை கொடுக்க வழியில்லாத தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்தே ஊருக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் நகரத்தில் ஏழைகளுக்கு வாடகை வீடு என்று ஒன்று இல்லவே இல்லை என்பது டெல்லியில் விவாதமானது. அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஏ.ஆர்.எச்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குறைந்த வாடகைக் குடியிருப்பு வளாகங்கள் என்று பொருள்.

இதில் இரண்டு வழிகள். இரண்டாவது வழி, தனியாரும் நிறுவனங்களும் தங்கள் நிலத்தில் புதிதாகக் கட்டுவது. நமக்கு இங்கே வேண்டியது முதல் வழி: ஏற்கெனவே அரசுப் பணத்தில் கட்டி ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளைப் பழுதுபார்த்து, 25 ஆண்டுகளுக்கு வாடகைக்கு விடுவது. வாடகையை உள்ளாட்சி அமைப்பு நிர்ணயிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 8 சதவீதம் ஏற்றலாம். ஆனால் ஐந்து ஆண்டில் மொத்த ஏற்றம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அப்போது அரசு சொன்ன காலி வீடுகள் சுமார் 1.08 லட்சம். எல்லாம் ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம் போன்ற பழைய திட்டங்களில் கட்டியவை. நிலம் வாங்க வேண்டாம், அஸ்திவாரம் போட வேண்டாம், தனியார் உரிமையாளரிடம் கெஞ்ச வேண்டாம். காலிக் கட்டடத்தை வீடாக்க இதைவிடச் சுலபமான சூழ்நிலை கிடைக்காது.

சில ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்கில், இப்படி மாற்றி வாடகைக்கு விட்டவை 5,648. சண்டிகர், சூரத், அகமதாபாத், ராஜ்கோட் என்று சில ஊர்கள்தான் முன்வந்தன. அதில் சண்டிகர் ஒன்றே 2,195.

லட்சத்தில் ஐயாயிரத்துச் சொச்சம். எங்கே இடித்தது?

காலியாக இருப்பதற்கே ஒரு காரணம் இருக்கிறது

டெல்லியைப் பாருங்கள். பழைய திட்டத்தில் கட்டிய 35,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் அங்கே வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தன. சன்னல், கதவு, குழாய் எல்லாம் திருடு போய், சுவர் ஊறி, சில பிளாக்குகள் குடியேறும் முன்பே பழைய கட்டடமாகிவிட்டன. நடுவே மத்திய அரசு "வாடகைத் திட்டத்துக்குக் கொடுங்கள்" என்றது. டெல்லி அரசு "குடிசைவாசிகளின் மறுவாழ்வுக்குத்தான் கொடுப்போம்" என்றது. அந்த இழுபறியில் ஆண்டுகள் போயின.

ஆனால் அரசியலை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த வீடுகளில் பெரும்பகுதி பவானா, நரேலா, சாவ்தா கேவ்ரா போன்ற இடங்களில் இருக்கிறது. டெல்லியின் நடுப்பகுதியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு ஐந்து கிலோமீட்டருக்குள் தர வேண்டும் என்பது டெல்லியின் 2015 கொள்கை. கட்டியிருப்பதோ ஊரின் விளிம்பில்.

இப்போது அங்கே குடியேற வேண்டியவராக உங்களை வைத்துப் பாருங்கள். பழைய டெல்லி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறீர்கள். லாரி வருவது விடியற்காலை மூன்று மணிக்கு. இல்லை, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறீர்கள், வேலை முடியும்போது இரவு ஒரு மணி. அந்த நேரத்தில் நரேலாவுக்கு பஸ் கிடையாது. வீடு இருக்கிறது என்று போனால் வேலை போகும். வேலை வேண்டும் என்றால் மார்க்கெட் ஓரத்திலேயேதான் படுக்க வேண்டும். நடைபாதையில் தூங்குபவர்களில் பலர் வேலை இல்லாதவர்கள் கிடையாது. வேலை இருக்கும் இடத்தில் தூங்குகிறார்கள், அவ்வளவுதான்.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்றாலே புரியும். கூவம் கரையிலும் நகரின் நடுவிலும் இருந்தவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தபோது, வீட்டு வேலை செய்த பெண்கள் பலர் முதலில் இழந்தது அந்த வேலையைத்தான்.

சண்டிகரில் கொஞ்சமாவது நடந்ததற்கு ஊரின் அளவும் ஒரு காரணம். அந்த வீடுகள் இருப்பது மலோயாவில். அதுவும் ஓரம்தான், ஆனால் சண்டிகரில் ஓரத்துக்கும் நடுவுக்கும் தூரம் குறைவு. 2022-ல் காலனி எண் 4 என்ற குடிசைப் பகுதியை அகற்றியபோது அங்கிருந்த குடும்பங்களில் பலரை இங்கே மாற்றினார்கள். வாடகை மாதம் 3,000 ரூபாய். வீடுகள் நிரம்பின. அதற்கப்புறம் அடுத்த பிரச்னை ஆரம்பித்தது: வாடகை பாக்கி, நோட்டீஸ். தினக்கூலி வாங்குபவருக்கு மழைக்காலத்தில் பதினைந்து நாள் வேலை இல்லையென்றால் 3,000 எங்கிருந்து வரும் என்று திட்டத்தில் எந்த ஏற்பாடும் இல்லை.

ஷெல்டர் இருக்கிறதே, அது போதாதா?

2009 டிசம்பரில், கடும் குளிரில், டெல்லி பூசா சாலையில் இருந்த ஒரு தற்காலிகக் காப்பகத்தை மாநகராட்சி அகற்றியது. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 2010-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருடம் முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். சென்னையில் மாநகராட்சி நடத்தும் வீடற்றோர் காப்பகங்களும் அந்த வழியில் வந்தவைதான். மத்தியத் திட்டத்தின் விதிப்படி இங்கே ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி.

காப்பகம் உயிரைக் காப்பாற்றும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கதவைப் பூட்டிக்கொள்ள முடியாது, சமைக்க முடியாது, கணவன் ஒரு காப்பகம் மனைவி ஒரு காப்பகம் என்று பிரிய வேண்டியிருக்கும். வருடக்கணக்கில் அங்கேயே இருப்பவர்களும் உண்டு, ஏனென்றால் அடுத்த படி என்று ஒன்று இல்லை.

அந்த அடுத்த படியைக் கட்டிக் காட்டியது ஃபின்லாந்து. 1987-ல் அங்கே 18,000-க்கு மேல் வீடற்றவர்கள் இருந்தார்கள். 2023-ல் சுமார் 3,400. ஹெல்சின்கியில் சால்வேஷன் ஆர்மி நடத்திவந்த 250 படுக்கை கொண்ட ஒரு பழைய காப்பகம் இருந்தது. 2012-ல் அதை 80 தனி வீடுகளாக மாற்றினார்கள். படுக்கை குறைந்தது என்று பார்த்தால் நஷ்டம். ஆனால் அந்த 80 பேருக்கும் வாடகை ஒப்பந்தம், சாவி, அஞ்சல் முகவரி கிடைத்தது. குடியை விட்டால்தான் வீடு, வேலை கிடைத்தால்தான் வீடு என்ற நிபந்தனை இல்லை. முதலில் வீடு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அங்கேயும் 2024-ல் எண்ணிக்கை மறுபடி 3,800-ஐத் தொட்டது. வீட்டு வாடகைக்கான அரசு உதவித்தொகை வெட்டப்பட்ட காலம் அது. மலோயாவில் பார்த்த அதே கதைதான்: கட்டடம் இருந்தால் மட்டும் போதாது, மாதா மாதம் வாடகைக்கு வழி இருக்க வேண்டும்.

சரி, ஊருக்கு நடுவில் இருக்கும் காலி ஆபீஸ்களை மாற்றலாமா?

கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்க இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. ஐ.டி. பார்க்கில் வேலை பார்ப்பவர் என்றால் உங்கள் ஆபீஸையே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் சாதகம். கட்டடத்தின் பலம். இந்தியத் தர விதிகளின்படி வீட்டுத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ எடை தாங்கினால் போதும். ஆபீஸ் தளத்துக்கு 250 முதல் 400 கிலோ வரை. அதனால் ஆபீஸில் ஆட்கள் குடியேறினால் கட்டடம் தாங்குமா என்ற கவலை பொதுவாக வராது. பழைய கட்டடமாக இருந்தால் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்ற சோதனை மட்டும் தனியாகச் செய்ய வேண்டும்.

இடிப்பது வெளிச்சமும் தண்ணீரும். பெரிய ஆபீஸ் தளத்தில் ஜன்னலிலிருந்து ஆறேழு மீட்டருக்குள்தான் பகல் வெளிச்சம் ஒழுங்காக வரும். நடுப்பகுதி எப்போதும் ட்யூப் லைட்டில்தான். ஆபீஸுக்கு அது பரவாயில்லை, வீட்டுக்கு ஆகாது. நம்முடைய தேசியக் கட்டட விதித் தொகுப்பு ஒற்றை அறை வீட்டின் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் கேட்கிறது. சென்னை, மும்பை போலப் புழுக்கமான ஊரில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பும் கேட்கிறது. அப்புறம் கழிவறை. ஆபீஸில் எல்லாக் கழிவறையும் லிஃப்ட் பக்கத்தில் ஒரே கொத்தாக இருக்கும். ஒரு தளத்தில் இருபது வீடு என்றால் இருபது சமையல் தொட்டி, இருபது குளியலறை. அத்தனைக்கும் கழிவுநீர்க் குழாய் இறங்க வழி வேண்டும். செலவு எகிறுவது இங்கேதான்.

இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து பாடம். 2013-ல் அங்கே ஆபீஸை வீடாக்க முழுமையான திட்ட அனுமதி தேவையில்லை என்று விதியைத் தளர்த்தினார்கள். ஆயிரக்கணக்கில் வீடுகள் வந்தன. 2020-ல் அரசே கேட்டு வாங்கிய ஆய்வில், இப்படி வந்த வீடுகளில் 22 சதவீதம்தான் தேசிய இட அளவுத் தரத்தை எட்டின. முழு அனுமதியோடு வந்த வீடுகளில் அது 73 சதவீதம். ஜன்னலே இல்லாத வீடுகளும் இருந்தன. ஹார்லோ என்ற ஊரில் 14 மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில், லண்டனில் இடமில்லாத ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்து அடைத்தது அங்கே பெரிய சர்ச்சையானது. அதன் பிறகுதான் இயற்கை வெளிச்சம் கட்டாயம், குறைந்தபட்ச அளவு கட்டாயம் என்று விதி வந்தது.

மாற்றுவதற்குச் சுலபமானது லாட்ஜ், ஹாஸ்டல், பழைய அரசுக் குவார்ட்டர்ஸ் மாதிரியான கட்டடங்கள். அறைக்கு அறை ஜன்னல், பாத்ரூம் ஏற்கெனவே இருக்கும். கலிபோர்னியா 2020-ல் இதைத்தான் செய்தது. தொற்றுக் காலத்தில் ஆளில்லாமல் போன மோட்டல்களை வாங்கி, முதல் சுற்றில் 94 திட்டங்களில் சுமார் 6,000 வீடுகள், அதுவும் சில மாதங்களுக்குள். செலவு 84.6 கோடி டாலர். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டையும் ரயில் நிலையத்தையும் சுற்றி இருக்கும் பழைய லாட்ஜ்களை நினைத்துப் பாருங்கள். மூட்டை தூக்குபவருக்கு வேலையும் அங்கேதான்.

அரசு மாற்றாவிட்டால் மக்களே மாற்றிக்கொள்வார்கள்

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் நடுநகரக் காலிக் கட்டடங்களில் வீடற்ற குடும்பங்கள் தாங்களாகவே புகுந்து குடியேறுவது பல ஆண்டு வழக்கம். அந்நாட்டு அரசியலமைப்பு, சொத்துக்கு ஒரு சமூகப் பயன்பாடு இருக்க வேண்டும் என்கிறது. அதைச் சொல்லித்தான் உள்ளே போகிறார்கள். 2012-ல் அப்படிக் குடியேறிய பழைய கேம்பிரிட்ஜ் ஹோட்டலைப் பிறகு அரசு நிதியில் முறைப்படி 121 வீடுகளாக்கினார்கள்.

அதே நகரில் இன்னொரு கட்டடம். மத்திய அரசுக்குச் சொந்தமான 24 மாடி, முன்பு காவல் துறைத் தலைமையகமாக இருந்தது. அங்கேயும் குடும்பங்கள் குடியேறியிருந்தன, ஆனால் யாரும் முறைப்படுத்தவில்லை. 2018 மே 1-ம் தேதி அதிகாலையில் தீப்பிடித்து முழுக் கட்டடமும் சரிந்தது. குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள்.

உங்கள் அபார்ட்மென்டில் இருக்கும் பூட்டிய வீடு?

அதை அரசு எடுத்துக் கொடுத்துவிடும் என்று ஓனர்கள் பயப்பட வேண்டாம், அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களைப் பார்த்துப் பயந்துதான் பலர் பூட்டினார்கள். மும்பையில் 1940-களின் வாடகையில் உறைந்துபோன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு 2021-ல் மாதிரிச் சட்டம் ஒன்றைத் தந்தது. அதில் வீட்டுக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைதான். பெங்களூருவில் பத்து மாதம் கட்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால், நம் பழைய நகராட்சிச் சட்டங்கள் பலவற்றில் வீடு காலியாக இருந்தால் சொத்து வரியில் தள்ளுபடி கேட்கலாம் என்று இருந்தது. கனடாவின் வான்கூவர் இதற்கு நேர் எதிர். 2017 முதல் காலி வீட்டுக்குத் தனி வரி, முதலில் வீட்டு மதிப்பில் 1 சதவீதம், பிறகு 3. அந்தப் பணம் குறைந்த விலை வீடுகளுக்குப் போகிறது.

வரி போட்டால் மட்டும் நடைபாதையில் இருப்பவர் உங்கள் பக்கத்து பிளாட்டுக்கு வந்துவிட மாட்டார் என்பதும் உண்மை. ஆதார் முகவரி, சம்பளச் சீட்டு, "ஃபேமிலியா, பேச்சுலரா" என்று உங்களிடமே ஆயிரம் கேள்வி கேட்கும் ஓனர் அவருக்கு எப்படித் தருவார்? நடுவில் ஒருவர் வேண்டும். ஃபின்லாந்தில் 1985-ல் தொடங்கிய ஒய் ஃபவுண்டேஷன் அந்த வேலையைத்தான் செய்கிறது. சந்தையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக சாதாரண வீடுகளை வாங்கி, தானே ஓனராக இருந்து வீடற்றவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. நம் நகரங்களில் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. வீட்டுவசதி வாரியங்களுக்குக் கட்டி விற்கத் தெரியும். வாடகை வசூலித்து, குழாய் ரிப்பேர் பார்த்து, வேலை போன மாதத்தில் குடித்தனக்காரரோடு உட்கார்ந்து பேசும் அமைப்பு வேறு.

2024-ல் தொடங்கிய நகர்ப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் பகுதியிலும் அரசின் காலி வீடுகளை வாடகைக்கு விடும் வழி தொடர்கிறது. ஆகவே கதவு மூடவில்லை. எந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உங்கள் கையிலேயே உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகராட்சிக்கு ஒரு மனு, கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று. மாநகராட்சிக்குச் சொந்தமாக, ஓராண்டுக்கு மேல் பயன்பாட்டில் இல்லாத கட்டடங்கள் எவை, எந்த வார்டில்? அவற்றின் உறுதித்தன்மை கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? அதே வார்டில் வீடற்றவர்களைக் கடைசியாக எண்ணியது எப்போது, எத்தனை பேர்? முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் வரும் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.